நயினார் மில்லில் மூச்சு வாங்கிய லோடர்

லோடரின் பக்கெட் தரையை விட்டுக் கிளம்பி உச்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் நான் ஒரு கிளாஸ் டீயைக் குடித்து முடித்துவிட்டேன். சும்மா சொல்லவில்லை. சூடான டீ.

"எவ்ளோ நேரம், கண்டக்டரே?" என்று லோடரின் சீட்டிலிருந்து கேட்டார் அகல்யா மேடம்.

"முப்பத்தெட்டு செகண்டு மேடம். எங்க பழைய பஸ்ஸு ஃபுல் லோடுல மேடு ஏறும்போதுகூட இதைவிட ஜல்தியா போவும்."

என் பெயர் கமலக்கண்ணன். ஆரணி–வேலூர் தனியார் பஸ்ஸில் இருபத்திரண்டு வருஷம் கண்டக்டர். பஸ் நின்றது, மனைவியும் போய்ச் சேர்ந்தாள், வீட்டில் நானும் ஒரு மின்விசிறியும்தான் பாக்கி. அதனால்தான் மூன்று வருஷமாக அகல்யா மேடத்துக்கு உதவியாளன். மேடம் அதற்கு முன் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் சர்வேயர். உடைந்த மெஷின்களைப் பார்த்து, தானாக உடைந்ததா, உடைத்ததா என்று எழுதிக் கொடுக்கிற வேலை. இப்போது ஜரிகைக் கடை மாடியில் துப்பறியும் ஆபீஸ். தறியில் ஏற்றும் பாவு காணோம், பட்டு நூல் எடை குறைகிறது என்று வருகிறவர்களை வைத்துத்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது. மெஷின் கேஸ் இதுதான் முதல்.

கேஸைக் கொடுத்தவர் நேமிசந்திரன். எழுபது வயது, தமிழ்ச் சமணர்; எங்கள் பக்கத்தில் நயினார் என்போம். ஊரில் எல்லோருக்கும் நயினார் மில் என்றால் தெரியும், அரிசி மில். அன்று வெள்ளிக்கிழமை; நெல் வரத்து இல்லாத நாள் என்பதால் களத்தில் ஒரு ஆள் இல்லை. உமி மேடு ஒன்று, அதன் பக்கத்தில் உமியை அள்ளிக் கொட்டுகிற இந்தச் சின்ன லோடர், பின்னால் அவர் வீடு. மனைவி இறந்து நாலு வருஷம். ஒரே மகள் சௌம்யா கனடாவில். அவ்வளவு பெரிய களத்தில் அவர் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோதே எனக்கு மனசு என்னமோ செய்தது.

"நான் சொன்னேனே, பாத்தீங்களா?" என்றார் அவர். "ஆறு வருஷமா ஒரு கோளாறு கிடையாது. போன ஞாயித்துக்கிழமை வந்து, ஒரகடத்துல கம்பெனி வேலை கெடச்சிருக்குது, வர்ற திங்கக்கிழமை சேரணும்னு சொன்னான். செவ்வாய்க்கிழமை வண்டி இப்படி ஆயிடுச்சு. போற போக்குல எதையோ உள்ளே போட்டுட்டான்."

'அவன்' என்பது ஆபரேட்டர் தென்னரசு. செவ்வாய்க்கிழமை சாயந்திரமே எல்லார் முன்னாலும் சாவியைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்.

நேமிசந்திரன் சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார். போலீஸ் புகார். அழகான கையெழுத்து, மேலே வியாழக்கிழமை தேதி. "ஸ்டேஷன்ல குடுக்கணும்னா ஒரு ரிப்போர்ட்டு இருந்தா நல்லதுன்னாங்க. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். இன்னிக்கி சாயந்திரம் குடுத்தாகணும்."

"இன்னிக்கே குடுத்தாகணுமா சார்?" என்றார் மேடம்.

"திங்கக்கிழமைக்குள்ள கேஸ் பதிவாகணும்."

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரிந்தது. பெரிய கம்பெனியில் சேரும்போது போலீஸ் சர்டிஃபிகேட் கேட்பார்கள். பெயரில் ஒரு கேஸ் இருந்தால் கேட்டுக்கு வெளியிலேயே வணக்கம் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அப்புறம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எவன் அவனிடம் வண்டிச் சாவி கொடுப்பான்?

மேடம் லோடரை எடுத்துக் களத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். புழுதி பறந்தது. உமி மேட்டின் மேல் ஏறி இறங்கினார். திரும்பி வந்து நிறுத்தினார்.

"ஓடறதுல குறை இல்ல. தூக்கறதுலதான் குறை. இதுல ஓடறதுக்குத் தனி பம்பு, தூக்கறதுக்குத் தனி பம்பு. என்ஜின் மேல பழி போட முடியாது."

"கையி ரெண்டுல ஏதாவது ஒண்ணு சுளுக்கிகினு இருக்குமோ?" என்றேன்.

"ஒரு கை மட்டும் மெதுவானா அந்தச் சிலிண்டர்ல கோளாறு. இங்க தூக்கற கையும் மெதுவு, பக்கெட்டைக் கவுக்கறதும் மெதுவு. ரெண்டுக்கும் பொதுவா இருக்கற எடத்துலதான் ஆள் ஒளிஞ்சிருக்கான்."

இப்படிப் பேசினால்தான் எனக்குப் பிடிக்கும். மெஷினைக்கூட மேடம் சந்தேகத்துக்குரிய நபராகத்தான் நடத்துவார்.

அடுத்து அவர் செய்தது வேடிக்கை. லோடரை அணைத்துவிட்டு, நேமிசந்திரனிடம் இன்னொரு நாற்காலி கேட்டு வாங்கிச் சும்மா உட்கார்ந்தார். அரை மணி நேரம். எனக்கு நாற்காலி வரவில்லை. பிறகு எழுந்து போய் ஸ்டார்ட் செய்தார். பக்கெட் ஐந்தே செகண்டில் மேலே போனது. என் வாய் திறந்தபடி இருந்தது. இரண்டாவது தடவையும் ஐந்து. மூன்றாவது எட்டு. நாலாவது இருபது. ஐந்தாவது தடவை பம்பு மெல்லிசாக ஒரு அழுகைச் சத்தம் போட்டது. மறுபடி முப்பத்தெட்டு.

"நம்ம ரகம் மேடம். ரெஸ்ட்டு குடுத்தா நாலு தடவை வேலை செய்யுது."

"பம்பு தேஞ்சிருந்தா ரெஸ்ட்டு குடுத்தாலும் தேஞ்ச பம்புதான். கிணத்துல மோட்டார் ஓடும்போது பாசி வந்து குழாய் அடியில இருக்கற ஃபுட் வால்வுல ஒட்டிக்கும். தண்ணி வராது. மோட்டாரை நிறுத்தினா பாசி விழுந்துடும். திரும்பப் போட்டா கொஞ்ச நேரம் நல்லா வரும். அதே கதைதான். கையைத் தூக்கற ஆயிலைப் பம்பு உறிஞ்சும்போது எதுவோ வந்து ஜல்லடையை அடைக்குது. நிறுத்தினா விழுந்துடுது. ஆயில் டேங்குக்குள்ள ஒரு விருந்தாளி இருக்கார்."

"நான்தான் சொன்னேனே," என்றார் நேமிசந்திரன். ஆனால் அவர் குரலில் சந்தோஷம் இல்லை.

மேடம் லோடரின் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். வண்டி முழுக்க விரற்கடை கனத்துக்கு உமித் தூசி. ஆயில் டேங்கின் மூடியைச் சுற்றி மட்டும் ஒரு தட்டு அளவுக்குப் பளிச்சென்று துடைத்திருந்தது.

"என்ன தோணுது?"

"யாரோ தொறந்திருக்காங்க."

"தொறக்கறதுக்கு முன்னால தொடைச்சிருக்காங்க. தூசி உள்ளே போயிடக் கூடாதுன்னு. கெடுக்க வந்தவன் தொடைச்சிட்டா தொறப்பான்?" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

மூடியைத் திறந்து, கம்பியை வளைத்துக் கொக்கி பண்ணி உள்ளே விட்டுத் துழாவினார். நாலாவது முறை கொக்கியில் ஒரு கொத்து வந்தது. ஆயிலில் ஊறிய நூல் பிசிறு. நெல்லிக்காய் அளவு இருக்கும். அதில் உமித் துணுக்குகளும் ஒட்டியிருந்தன.

"நூல்," என்றார் நேமிசந்திரன் உடனே. "அவன் பொண்டாட்டி தறி நெய்யறா. இதுக்கு மேல என்ன வேணும்?"

கேஸ் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், ஏமாற்றமாகக்கூட இருந்தது. மேடம் பிசிறில் பாதியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு, "அஞ்சு மணிக்கு வரேன் சார். அதுவரைக்கும் லெட்டர் உங்க பையிலயே இருக்கட்டும்," என்றார்.

தென்னரசுவின் வீடு கண்ணமங்கலம் சாலையில், ஸ்கூட்டரில் கால் மணி நேரம். வாசலிலேயே தறிச் சத்தம் கேட்டது. தென்னரசுவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கதவருகே ஒரு புது பேக் கட்டி வைத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் அதைக் காலால் உள்ளே தள்ளினான்.

"போலீசுங்களா?"

"இல்லப்பா. போலீசுக்கு முந்தி வர்றவங்க," என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "நான் ஒண்ணும் பண்ணலீங்க. அந்த வண்டி வந்தப்போ பிளாஸ்டிக் கவர் பிரிச்சவனே நான்தான். அதைப் போயி கெடுப்பேனா? ஊரெல்லாம் சொல்லிகினு இருக்காங்க. எம்புள்ளைகிட்டயே ஒருத்தன் கேட்டுட்டான். மூணு நாளா சோறு எறங்கல."

"திங்கக்கிழமை எங்க இருந்தீங்க?"

"கம்பெனியில மெடிக்கல் செக்கப் கேட்டாங்க, வேலூர் போயிட்டேன். லீவு சொல்லிட்டுத்தான் போனேன். அய்டராலிக் ஆயில் கொறைஞ்சிருக்குது, நாளைக்கி வந்து ஊத்தறேன்னும் சொன்னேன். செவ்வாய்க்கிழமை வந்து பாத்தா ஆயில் ரொம்பியிருந்திச்சு. வண்டி தூக்கல. கேக்கறதுக்குள்ள சாவியப் புடுங்கிட்டாரு."

மேடம் என்னைப் பார்த்தார். நான் மேடத்தைப் பார்த்தேன்.

தறியில் இருந்த மதிவதனி, அவன் மனைவி, எழுந்து வந்தாள். மேடம் காகிதத்தைப் பிரித்துக் காட்டினார். "இது உங்க வீட்டு நூலுன்னு சொல்றாங்க."

அவளுக்குக் கோபம் வந்தது. பிசிறை வாங்கி, சோப்புத்தூள் போட்டு நாலு தண்ணீர் அலசிப் பிழிந்து, தகரக் கூரையின் வெயிலில் பரப்பினாள். பத்து நிமிஷத்தில் காய்ந்தது. தீக்குச்சி கிழித்துப் பற்றவைத்து எங்கள் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"இன்னா வாசனை வருது சொல்லுங்க."

"காகிதம் எரியற வாசனை," என்றேன்.

அவள் தறியிலிருந்து ஒரு துண்டு நூலைக் கிள்ளி அதையும் கொளுத்தினாள். தலைமுடி பொசுங்குகிற நாற்றம்.

"இது பட்டு. மொத கொளுத்துனது பருத்தி. எங்க ஊட்டுல கூலிக்கி பட்டு மட்டும்தான் நெய்யறோம். வேணும்னா பரண் மேல ஏறிப் பாருங்க."

இருபத்திரண்டு வருஷம் டிக்கெட் கிழித்தவன் நான், ஆரணியிலேயே பிறந்தவன். இது எனக்குத் தோன்றாமல் போனதற்கு வெட்கமாக இருந்தது.

கிளம்பும்போது மேடம் கேட்டார். "நேமிசந்திரன் சாருக்கும் உங்களுக்கும் முன்னால ஏதாவது சண்டையா?"

"சண்டையா?" தென்னரசு தரையைப் பார்த்தான். "அவரு பொழுது சாயறதுக்குள்ள சாப்ட்டுடுவாருங்க. அவங்க வழக்கம் அது. அதுக்கு மேல தூங்கற வரைக்கும் ஒண்ணும் கிடையாது அவருக்கு. டி.வி.யும் போட மாட்டாரு. வண்டியத் தொடைச்சிகினே நான் பேசிகினு இருப்பேன், அவரு நாற்காலியில உக்காந்து கேட்டுகினு இருப்பாரு. எட்டு மணி, எட்டரை ஆவும். ஆறு வருஷமா அப்பிடித்தான். இப்ப அவரே என்னைத் திருடன் மாதிரி..."

"போனைப் பக்கத்துல வச்சிருங்க," என்றார் மேடம்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது நான் கேட்டேன். "திங்கக்கிழமை ஆயில் ஊத்துனது யாரு மேடம்? அந்த வண்டியத் தொடறதுக்கு வேற ஆளே கிடையாதே."

"அதனாலதான் கேக்கறதுக்கே கஷ்டமா இருக்கு," என்றார் மேடம்.

நாங்கள் போனபோது ஐந்தரை ஆகவிருந்தது. நேமிசந்திரன் சாப்பிட உட்காரப் போகிற நேரம். சாப்பாட்டு மேஜையில் ஆறு நாற்காலிகள், ஒரு தட்டு. மேடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

"இருங்க, புதுசா எடுத்துத் தரேன்," என்று அவர் பின்கட்டுக் கிணற்றடிக்குப் போனார். பின்னாலேயே நாங்களும் போனோம். ஒரு வாளி இறைத்தார். குடத்தின் வாயில் வெள்ளைப் பருத்தித் துணியை இரண்டாக மடித்துப் போட்டு, அதன் மேல் நிதானமாக ஊற்றினார். வடிகட்டாத தண்ணீரை அவர்கள் வீட்டில் குடிக்க மாட்டார்கள், அதில் உள்ள சிற்றுயிர்கள் சாகக்கூடாது என்று. ஊற்றி முடித்ததும் துணியை எடுத்து, கிணற்றின் மேல் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து, ஒரு சொம்புத் தண்ணீரை அதன் மேல் விட்டார். துணியில் தங்கியது எல்லாம் மறுபடி கிணற்றுக்கே போனது.

"அது எதுக்கு சார்?" என்றார் மேடம்.

"எந்தத் தண்ணியில இருந்து எடுத்தமோ, அந்த உசுருங்களை அங்கேயே விட்டுடணும். சின்ன வயசுல எங்கம்மா சொல்லிக் குடுத்தது. கை தானா செய்யும்."

"துணி புதுசா இருக்கே."

"பழசு நைஞ்சு போச்சு. புதன்கிழமைதான் மாத்தினேன்."

சொல்லிவிட்டுச் சொம்பை நீட்டினார். மேடம் வாங்கி முழுவதும் குடித்தார். பிறகுதான் பேசினார்.

"திங்கக்கிழமை தென்னரசு இல்ல. அவன் போனப்புறம் வண்டியை நீங்கதான் பாத்துக்கணும், கத்துக்கலாம்னு ஆயிலை நீங்களே ஊத்தினீங்க. மூடியைச் சுத்தமாத் தொடைச்சீங்க. கேன்ல உமி இருந்திருக்கும். அதனால துணி போட்டு வடிகட்டினீங்க. அதுவரைக்கும் ஒரு தப்பும் இல்ல. அப்புறம் கை தானா செஞ்சிடுச்சு. துணியைத் திருப்பிப் புடிச்சு, ஒரு டம்ளர் ஆயிலை அது மேல விட்டீங்க. வடிகட்டின பிசிறு, உமி, நைஞ்ச துணியோட நூலு, எல்லாத்தையும் பத்திரமா டேங்குக்குள்ளயே திருப்பி விட்டுட்டீங்க."

நான் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"ரிப்போர்ட்டுல தெரியாம நடந்த தப்புன்னு எழுதிடலாமே மேடம்," என்றேன். "பாவம், அவருக்கே தெரியல."

"தெரியும்," என்றார் மேடம். "ஆயில் வாசனை அடிச்ச துணியில நூல் பிரிஞ்சிருக்கறதைப் பாத்து, புதன்கிழமை மாத்தியிருக்கார். அப்பவே புரிஞ்சிருக்கும். புகார் லெட்டர்ல இருக்கற தேதி வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமை கோவத்துல எழுதலை. அவன் மேல தப்பு இல்லைன்னு தெரிஞ்சப்புறம், ஒரு நாள் கழிச்சு உக்காந்து எழுதியிருக்கார். ஏன் சார்?"

அவர் குடத்தை எடுக்கப் போனார், எடுக்காமல் விட்டார்.

"கேஸ் நடத்தணும்னு இல்லம்மா," என்றார் கடைசியில். "ஒரு பத்து நாள் இழுத்தடிச்சா அந்தக் கம்பெனிக்காரன் வேற ஆளைப் போட்டுடுவான். அப்புறம் நானே போயி வாபஸ் வாங்கிட்டு, வாடா வேலைக்குன்னு கூப்பிட்டிருப்பேன். வேற போக்கிடம் இல்லாம வந்திருப்பான்." வீட்டைத் திரும்பிப் பார்த்தார். "ஆறு மணிக்கு மேல இந்த வீட்டுல நான் என்ன பண்றது?"

எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஒருத்தன் குடும்பத்தையே நாசம் பண்ணப் பார்த்திருக்கிறார். ஆனால் ஆறு மணிக்கு மேல் என் வீட்டில் நான் என்ன பண்ணுகிறேன் என்று எனக்குத்தானே தெரியும். கோபம் வந்தது, அவர் மேல் காட்டத்தான் முடியவில்லை.

மேடத்துக்கு அந்தத் தொந்தரவு இல்லை. "ஃபோனைப் போட்டு அவனைக் கூப்பிடுங்க. நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லணும். சொல்லலைன்னா நான் ரிப்போர்ட் எழுதுவேன். ஆனா உங்களுக்கு இல்ல, ஸ்டேஷனுக்கு."

தென்னரசு இருபது நிமிஷத்தில் வந்தான். பைக்கை கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தான். நேமிசந்திரன் களத்தில் லோடர் பக்கத்தில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. துணி, ஆயில், புதன்கிழமை, வியாழக்கிழமை, பத்து நாள் கணக்கு. சொல்லிவிட்டுக் கடிதத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

அவன் அதைப் பிரித்து, தன் பெயரும் அப்பன் பெயரும் இருந்த வரியை உதடு அசைத்துப் படித்தான். நாலாகக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"டேங்குல இருக்கற ஆயிலை முழுக்க எறக்கணும்," என்றான். "ஜல்லடையக் கழட்டிக் கழுவிட்டுப் புது ஆயில் ஊத்தணும். பம்புக்கு ஒண்ணும் ஆயிருக்காது. ஆளு பாத்து அனுப்பறேன்."

"நீ செய்ய மாட்டியா?"

அவன் குனிந்து டேங்க் மூடியை இறுக்கினான்.

"தப்புதாம்பா. நாளைக்கி காலையில எல்லாரையும் கூப்பிட்டு, அவன் பண்ணல, நான்தான் பண்ணேன்னு சொல்லிடறேன். மில்லு வாசல்ல நின்னு சொல்றேன்."

"சொல்லுங்க மொதலாளி. எம்புள்ளைக்காவ சொல்லுங்க."

நேமிசந்திரன் லோடரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "நீ வேலை கெடச்சிருக்குதுன்னு சொன்னப்போ, நல்லா இருன்னுதான சொன்னேன்?"

"சொன்னீங்க. அதைக் கேட்டுத்தான் போறதுன்னு முடிவே பண்ணேன்." முதல் முறையாக அவன் குரல் உயர்ந்தது. "ஞாயித்துக்கிழமை எட்டு மணி வரைக்கும் உங்க வாயையே பாத்துகினு உக்காந்திருந்தேன். போவாதடான்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்க, இருந்துடலாம்னு. பொண்டாட்டிகிட்டகூட அப்பிடித்தான் சொல்லிட்டு வந்தேன். நீங்க சொல்லல."

"இப்போ சொன்னா?"

"இப்போ சொல்லாதீங்க மொதலாளி."

அவன் நடந்து போய் பைக்கை எடுத்தான். சத்தம் சாலையில் கரைகிற வரை நாங்கள் மூவரும் அங்கேயே நின்றோம். வெளிச்சம் போய்விட்டது. உள்ளே தட்டு வைத்தது வைத்தபடி இருந்தது. அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இல்லை என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

"வாங்க, கண்டக்டரே," என்றார் மேடம்.

"நீங்க கெளம்புங்க மேடம். நான் கொஞ்சம் இருந்துட்டு வரேன். கடைசி பஸ்ஸுக்கு டைம் இருக்குது."

எனக்கு எந்தப் பஸ்ஸும் பிடிக்க வேண்டியதில்லை என்று மேடத்துக்குத் தெரியும். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். நான் இன்னொரு நாற்காலியை இழுத்து வேப்பமரத்தடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பஸ்ஸில் ஏறிய வேடிக்கை மனிதர்களைப் பற்றி இரண்டு கதை சொன்னேன். நல்ல கதைகள், எங்கே சொன்னாலும் சிரிப்பார்கள். நேமிசந்திரன் மரியாதைக்காகத் தலையாட்டினார்.

எட்டரை மணிக்கு எழுந்து விடைபெற்றேன். "நாளைக்கும் வரட்டுங்களா?" என்று கேட்டேன். அவர் கேட்டைப் பார்த்துக்கொண்டே, "எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்," என்றார்.